காற்றுக் குமிழிக்கு உயிர் கொடுத்தேன்

புதிதாக உயிரியல் கற்பிக்க வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். 'வெற்றிகரமான ஒரு பாடத்தைப் பற்றி' எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என்னுடைய வெற்றிகரமான பாடங்கள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கேட்ட பிள்ளைகளுக்கும் நினைவிருக்காது என்றே நினைக்கிறேன். மறக்காமல் இருப்பது ஒரே ஒரு பாடம்தான். அதில் நான் நடத்தியது தப்பு, வரையச் சொன்னது தப்பு, விளக்கம் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. அதையே எழுதுகிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. பள்ளிகளில் பாடமொழி மாறிக்கொண்டிருந்த காலம்; தமிழில் அறிவியல் நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கும்பகோணத்துக்காரி. பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இந்த உலகத்துக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக வேலை கிடைத்தது. மாயவரத்தில் ஏறிய பேருந்து, பிரெஞ்சு எல்லையாக இருந்த பூவத்தைத் தாண்டும்போது, பழைய சுங்கச் சாவடி ஆளில்லாமல் கிடந்தது. நான் கொண்டுவந்த அறிவுக்கு வரி கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சும்மா போகச் சொல்லியிருப்பார்கள்.

தலைமையாசிரியை உள்ளூர்க்காரர், கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். படித்ததெல்லாம் பிரெஞ்சில். பிள்ளைகள், ஆசிரியைகள், பால்காரர் எல்லாருக்குமே அவர் 'மதாம்'தான். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். நிஜமாகவே கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். முதல் நாள் அவர் அறையில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்:

"சயின்ஸ்ல உங்களுக்கு என்ன நல்லா வரும்?"

"எல்லாம் வரும் மதாம்."

"எல்லாம் வரும்னு சொல்றவங்களக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயங்க" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு உயிரணுக் கொள்கை. இப்போது நீங்கள் செல் கொள்கை என்று நடத்துவதுதான். கீழ் வகுப்புகளைப் பிரெஞ்சில் படித்துவந்த பிள்ளைகள் அதைச் 'செல்லுல்' என்றார்கள். சிறைக்கொட்டடிக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான் என்று மதாம் சொன்னார். சிறையெல்லாம் நமக்கு எதற்கு என்று, நம் உடம்பு முழுக்க இருப்பது இதுதான் என்று சொல்லிக்கொண்டே, நான் நல்ல தமிழில் 'உயிரணு' என்று பலகையில் பெரிதாக எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் லூர்து மேரி எழுந்துவிட்டாள். தலத்தெருவிலிருந்து வரும் பெண். வாயில் வருவது, மனதில் நினைப்பது என்று அவளுக்கு இரண்டு கிடையாது.

"டீச்சர், அணுன்னா ஜப்பான்ல போட்டாங்களே, அதுவா?"

"இல்லை. அது வேறு அணு."

"அப்ப இது வெடிக்காதா?"

"வெடிக்காது. உட்காரு."

"இல்ல டீச்சர், நம்ம உடம்பு முழுக்க இருக்குன்னீங்க. அதான் கேட்டுக்கிட்டேன்."

வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மூன்று வாக்கியங்கள் சொல்லி எழுத வைத்தேன். உயிர்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை. உயிருக்கு அதைவிடச் சிறிய அலகு இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் அதற்கு முன் இருந்த உயிரணுவிலிருந்தே வருகிறது. பிள்ளைகள் எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள், ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெண்ணை எழுப்பி, "உயிரணு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மூணாம் பாடத்துல டீச்சர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதில் என்னை நன்றாகக் குத்திவிட்டது. அன்று சாயங்காலமே அலமாரியில் பூட்டிக் கிடந்த நுண்ணோக்கியை வெளியே எடுக்க மதாமிடம் அனுமதி கேட்டேன். பள்ளிக்கு மொத்தமே ஒன்றுதான். பிரெஞ்சுக் காலத்துப் பித்தளைக் கருவி, மரப்பெட்டியில் வெல்வெட்டுக்குள் படுத்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் நான் நுண்ணோக்கியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்க்க மட்டும்தான் செய்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் பொருளை வைப்பது, சாயம் போடுவது, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடுவது எல்லாவற்றையும் அங்கே இருந்த செய்முறை ஆசிரியர் செய்து வைத்துவிடுவார். நாங்கள் வரிசையில் நின்று குனிந்து பார்ப்போம், புத்தகத்தைப் பார்த்து வரைவோம், நல்ல மதிப்பெண் வாங்குவோம். இப்படியாகச் சமைக்கத் தெரியாமலே சாப்பிட்டு வளர்ந்தவள், இப்போது கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் வெங்காயம். கடவுள் கருணை, அதன் தோல் என்னைப் போன்றவர்கள் கையிலும் கெடாது. ஜன்னலோரம் கருவியை வைத்து, கீழே இருக்கும் கண்ணாடியைக் காலை வெயிலுக்குத் திருப்பி, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். "ஐயோ, செங்கச் சுவரு மாதிரி இருக்கு டீச்சர்!" என்று ஒரே கூச்சல். மேரி இரண்டு முறை வரிசையில் நின்றாள். நானே செங்கல் அறுத்துச் சுவர் எழுப்பியவள்போல் நின்றிருந்தேன்.

கடைசியாகப் பார்த்தவள் சபுரா. காரைக்காலில் பழைய வியாபாரக் குடும்பம். அவள் தாத்தா காலத்திலிருந்து சைகோனில் துணிக்கடை. வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். பேசினால் யோசித்து முடித்துவிட்டுத்தான் பேசுவாள்.

"டீச்சர், இது வெங்காயம். நம்ம உடம்பும் இப்படித்தான்னு எப்படித் தெரியும்?"

ஒருவர் செடிகளைப் பார்த்தார், இன்னொருவர் விலங்குகளைப் பார்த்தார், இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டார்கள் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"அவங்க பார்த்தாங்க டீச்சர். நாம பார்க்கலியே."

"பார்த்தால் போயிற்று. காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வெங்காயம் கொடுத்த தைரியம்.

அந்த வாரமே, புதுச்சேரியிலிருந்து கல்வி ஆய்வாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் அறிவியல் படித்தவராம். என் வேலையை நிரந்தரம் செய்யலாமா என்று அவர் சொல்லப்போவதை வைத்துத்தான் முடிவு. மதாம் என்னைக் கூப்பிட்டு, "உங்க வகுப்புக்குத்தான் கூட்டிக்கிட்டு வருவேன். ஏதாவது நல்லதாக் காட்டுங்க" என்றார். எனக்கு உடனே யோசனை வந்துவிட்டது. ஒரு தகட்டில் வெங்காயத்தோல். இன்னொரு தகட்டில் மனிதக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த உயிரணு. செடியும் மனிதனும் ஒரே மாதிரிச் செங்கற்களால் ஆனவை என்பதை ஆய்வாளர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். பேசாமல் இருந்தாலே போதும், நிரந்தரம்.

ஆய்வுக்கு முந்திய நாள் ஒத்திகை. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாக வழித்தால் போதும். சபுராதான் கேட்டவள், அவள்தான் கைசுத்தமானவள். "நீ வா" என்றேன்.

"எனக்கு நோம்பு டீச்சர்."

அது நோன்பு மாதம் என்பதே என் நினைவில் இல்லை. "சாப்பிடச் சொல்லவில்லையே, குச்சியை வாயில் வைத்து எடுக்கப்போகிறாய், அவ்வளவுதானே" என்றேன்.

"வேணாங்க டீச்சர்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆனால் நகரவில்லை.

அப்போது மேரி குரல் கொடுத்தாள்; கிறிஸ்தவர்களுக்கும் ஈஸ்டருக்கு முந்திய விரத நாட்கள் அவை. "எங்களுக்குந்தான் தபசு காலம் டீச்சர். ஆனா நாங்க வாயைத் திறக்கலாம்!" வகுப்பே சிரித்தது. சபுராவும் சிரித்துவிட்டாள். எனக்கு அதுவரை புத்தி வரவில்லை, சிரிப்பைக் கேட்டதும் வந்தது. குச்சியை என் வாயிலேயே விட்டுக்கொண்டேன். வாயைக் கோணிக்கொண்டு நிற்கும் ஆசிரியையைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வழித்ததைத் தகட்டில் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடிச் சில்லை மேலே பொத்தென்று போட்டேன். கருவியில் குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திருகைக் கொஞ்சம் திருப்பினேன். ஆஹா! வட்டம் வட்டமாக, பளபளவென்று, கரிக்கோடு போட்டதுபோல் கறுத்த விளிம்போடு வந்து நின்றன. இவ்வளவு தெளிவாகக் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

"வந்து பாருங்கள். உங்கள் டீச்சரின் உயிரணு" என்றேன். "சுற்றிலும் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் சவ்வு."

பார்த்தார்கள், வரைந்தார்கள். மேரி ஓர் அட்டையில் பெரிதாகவே வரைந்து வண்ணம் தீட்டினாள். 'மனித உயிரணு' என்று நானே கீழே எழுதிச் சுவரில் மாட்டினேன். உளுந்து வடை மாதிரி இருந்தது. அதற்கும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சபுரா குனிந்தவள் நிமிரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள். அவள் விரல் நுனியால் கண்ணாடிச் சில்லை மெதுவாக அமுக்கினாள்.

"டீச்சர், இது ஓடுது."

"என்ன ஓடுகிறது?"

"உயிரணு. அமுக்குனா அந்தப் பக்கம் ஓடுது, விட்டா இந்தப் பக்கம் வருது."

தெரியாது என்று சொல்வதற்கு அது எவ்வளவு அருமையான இடம், பாருங்கள். 'அப்படியா, தெரியவில்லையே, பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு செலவும் இல்லை. நான் சொன்னது இது:

"உயிர் இருக்கிறதல்லவா, அதனால்தான் ஓடுகிறது!"

பிள்ளைகள் "ஆ" என்றார்கள். இரண்டு மூன்று பேர் அதையும் எழுதிக்கொண்டார்கள். சபுரா மட்டும் எழுதவில்லை.

"டீச்சர், வாயில எடுத்தத வைக்காம வெறுந்தண்ணிய மட்டும் வச்சுப் பார்க்கலாமா?"

"எதற்கு? தண்ணீரில் என்ன இருக்கப் போகிறது? நாளைக்கு ஆய்வாளர் வருகிறார், இப்போது நேரமில்லை."

சாயங்காலம் பள்ளி விட்டது. வாசலில் சபுராவின் தகப்பனார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நோன்புப் பிள்ளையின் வாயில் குச்சி வைக்கப் பார்த்தேன். வெங்காயமும் மனிதனும் ஒன்று என்று வேறு சொல்லியிருக்கிறேன். இரண்டில் எதற்கு வந்திருக்கிறார்? அவர் வாயைத் திறக்குமுன் நானே ஆரம்பித்துவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்க. நோன்புன்னு எனக்கு ஞாபகமில்லீங்க. வேணும்னு செய்யல. அப்புறம் வெங்காயமும் மனுஷரும் ஒண்ணுன்னு நான் சொல்லவே இல்லைங்க. அமைப்புல ஒரு ஒத்துமை இருக்குன்னுதான்..."

அவர் குடையை மடக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"வெங்காயமா? எந்த வெங்காயம் டீச்சரம்மா?"

நான் பேச்சை நிறுத்தினேன்.

"அதெல்லாம் புள்ள ஒண்ணும் சொல்லலியே. வாசல்ல அவள ஏத்திவிட்டேன், வண்டில உட்கார்ந்துகிட்டு வெறுந்தண்ணி வெறுந்தண்ணின்னு அழுவுறா. நோம்பு புடிச்ச புள்ள, தாகமாக்கும்னு பார்த்தா, அது இல்லேங்குறா. பள்ளிக்கூடத்துல ஏதோ கேட்டாளாம், பதில் கெடைக்கலியாம். நமக்கு ஒண்ணும் வெளங்கல."

"நாளைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்குங்க. முடிஞ்சதும் சொல்றேன்."

"சொல்லுங்க. இந்த வருசத்தோட போதும், நிறுத்திப்புடலாம்னு அவ உம்மா சொல்லிக்கிட்டிருக்கா. நான் இன்னும் ஆமாங்கவும் இல்ல, இல்லேங்கவும் இல்ல. இவ இங்க வந்து எதையாச்சும் தெரிஞ்சிக்கிறான்னா அனுப்பிட்டுப் போறேன். சும்மா வந்துட்டுப் போறான்னா எதுக்கும்மா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவ கேட்டதுக்குப் பதில் இருக்குல்ல?"

"இருக்குங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அவர் போன பிறகு நான் அறைக்குத் திரும்பினேன். கருவி ஜன்னலோரத்தில் இருந்தது. மண்பானையில் தண்ணீர் இருந்தது. வெளிச்சமும் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? நான் பார்க்கவில்லை. கருவியைப் பெட்டியில் வைத்து, அறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். களைப்பு என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒன்றைச் சரிபார்க்க உங்களுக்குப் பயமாக இருக்கிறதென்றால், விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று பொருள். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். கடற்கரைப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர்; கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் மதாம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில். பிள்ளைகள் மூன்று வாக்கியங்களையும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ஆய்வாளர் தலையசைத்தார். வெங்காயத்தைப் பார்த்தார், "நன்று" என்றார். நான் அன்று காலை புதிதாக வழித்துத் தயாரித்த கன்னத்துத் தகட்டை வைத்தேன். அவர் குனிந்தார். தப்பென்றால் இப்போது சொல்லிவிடுவார்.

அவர் நிமிர்ந்தார். சுவரில் இருந்த வடையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"அருமை. மிகத் தெளிவாக இருக்கிறது. மனித உயிரணுவை இவ்வளவு நன்றாக எந்தப் பள்ளியிலும் நான் பார்க்கவில்லை" என்றார். மதாம் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. நான் சேர்ந்ததிலிருந்து என் பொருட்டு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் வெயில் பட்ட பனிபோல் போய்விட்டது. புதுச்சேரியே சொல்லிவிட்டது, இனி என்ன?

"மாணவிகள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் ஆய்வாளர். போகிற போக்கில் கேட்கும் கேள்விதான்.

சபுரா எழுந்து நின்றாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஆய்வாளரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"வெறுந்தண்ணிய வச்சுப் பார்க்கணும் டீச்சர்."

மதாமின் புன்னகை நின்றுவிட்டது. "உட்காரும்மா, ஐயாவுக்கு நேரமாகுது" என்றார்.

சபுரா உட்காரவில்லை. அவளை உட்காரச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆய்வாளர் போய்விடுவார், வேலை நிரந்தரமாகும், பிறகு ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் செய்யப்போனேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவள் நின்ற நிலையில் ஒரு திமிரும் இல்லை, பயமும் இல்லை. பதில் இருக்கிறதென்று நான் வாசலில் சொன்னதை அவள் வாப்பா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் அதை வாங்கிக்கொள்ள வந்து நிற்கிறாள். அவ்வளவுதான்.

"வா. நீயே வை" என்றேன்.

சபுரா ஒரு புதுத் தகட்டைத் துடைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். கண்ணாடிச் சில்லை நான் போட்ட அதே மாதிரி பொத்தென்று போட்டாள். பார்க்காமல் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டாள். நான் குனிந்தேன்.

வட்டம் வட்டமாக, பளபளவென்று, கறுத்த விளிம்போடு என் உயிரணுக்கள் எல்லாம் அங்கே இருந்தன. நான் வாயே திறக்காமல் வந்து சேர்ந்திருந்தன.

நிமிர்ந்தேன். "பிள்ளைகளா, நேற்று நான் வரையச் சொன்னது உயிரணு இல்லை. காற்று. தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. அமுக்கினால் ஓடியதும் அதனால்தான். உயிர் இருப்பதால் ஓடுகிறது என்று சொன்னேனே, அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஆய்வாளர் கைக்குட்டையைக் கழுத்திலேயே பிடித்தபடி நின்றிருந்தார். மனித உயிரணுவை இவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை என்று சொல்லிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. முப்பது பிள்ளைகளின் கண்களும் என்னை விட்டு மெதுவாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. நான் விழுந்தது சரி, என்னோடு அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன்.

"ஐயா பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார்கள்" என்றேன். "உங்களில் யாராவது கேட்கிறீர்களா என்று பார்க்கத்தான் சொல்லாமல் இருந்தார்கள்."

ஆய்வாளர் இருமினார். "ஆமாம், ஆமாம். கேள்வி வர வேண்டும். கேள்விதான் அறிவியல்" என்றார். சபுராவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். சபுரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பொய்யை அவள் நம்பவில்லை; ஆனால் அதற்கு வெறுந்தண்ணீர் கேட்கவில்லை.

உங்கள் தவற்றை ஒத்துக்கொள்ளும்போது உங்களுடையதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். மற்றவருடையதை அவரே ஒத்துக்கொள்ள இடம் விடுங்கள். ஆய்வாளர் ஒத்துக்கொள்ளவும் செய்தார். படியிறங்கும்போது மதாமை முன்னே போகவிட்டு, என்னிடம் தணிந்த குரலில், "காலேஜ்ல நாங்களும் யாரோ வச்சுக் குடுத்தத்தாம்மா பார்த்தோம்" என்றார்.

விளைவுகளையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு என் வேலை நிரந்தரமாகவில்லை. தற்காலிகம் இன்னொரு வருடத்துக்குத் தற்காலிகமாகவே நீண்டது. ஆய்வாளர் செய்தது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன், கொஞ்சம் பொருமலோடு. சபுராவைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை; பள்ளியிறுதி வரை படித்தாள். அவள் பெரிய டாக்டர் ஆனாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். பெருநாளுக்கு ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்க வருவாள். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். தெரியவில்லை என்று உடனே சொல்லிவிடுவேன்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

பள்ளி விட்ட பிறகும் சபுரா, மேரி, இன்னும் சில பெண்கள் போகவில்லை. காற்று எது என்று தெரிந்துவிட்டது, உயிரணு எது என்று இன்னும் தெரியவில்லையே. கல்லூரிச் செய்முறை ஆசிரியர் ஏதோ ஒரு நீலச் சாயம் விட்ட ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. அது எதற்கு என்று அந்த நாளில் நான் கேட்கவே இல்லை. சாயமின்றி உயிரணு தண்ணீர் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். பேனா மை இருந்தது. என் கன்னத்தில் வழித்து, ஒரு சொட்டு மை விட்டேன். மை அதிகமாகி எல்லாம் நீலக் கடலாகிவிட்டது. மேரி வாயைத் திறந்தாள். இந்த முறை கண்ணாடிச் சில்லைப் பொத்தென்று போட்டு மறுபடியும் குமிழிகள். அடுத்தவளிடம் எடுத்தது தகட்டோடு கீழே விழுந்து உடைந்தது.

அந்தச் சத்தம் கேட்டு மதாம் வந்து வாசலில் நின்றார். எல்லாரும் எழுந்து நின்றோம். காலையில் அவருக்கு நேர்ந்த அவமானத்துக்கு அவர் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. இப்போது தமிழில் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"என்ன செய்றீங்க?"

மேரிதான் பதில் சொன்னாள். "எங்க வாயெல்லாம் எடுத்துப் பார்த்தாச்சுங்க மதாம். ஒண்ணும் தெரியல."

மதாம் எங்கள் ஒவ்வொருவரின் நீல விரல்களையும் பார்த்தார். உடைந்த தகட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

ஒருவரும் அசையவில்லை. அவர் வாயை மூடி, "எடுங்கன்னா" என்று சொல்லிவிட்டு மறுபடி திறந்தார்.

மேரி பின்வாங்கிவிட்டாள். சபுரா குச்சியை எடுத்தாள். மதாமின் கன்னத்து உட்பக்கத்தை லேசாக வழித்தாள். தகட்டில் தேய்த்தாள். மையில் குச்சி முனையைத் தொட்டு வைத்தாள். கண்ணாடிச் சில்லை நான் ஒரு பக்கம் ஊன்றிக்கொண்டு, ஊசியால் தாங்கி, காற்று வெளியே போக வழிவிட்டு மெல்லச் சாய்த்தேன். மிஞ்சியதை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தேன். கருவியை மேற்கு ஜன்னலுக்கு மாற்றினோம். சபுரா குனிந்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"டீச்சர். ஓடல."

"நன்றாகப் பார்."

"ஓடல டீச்சர். அமுக்குனாலும் கெடந்த எடத்துலயே கெடக்கு. கசங்குன துணி மாதிரி இருக்கு. நடுவுல ஒரு பொட்டு."

நான் பார்த்தேன். வெளிர்நீலத்தில் ஒழுங்கில்லாத ஒரு மெல்லிய துண்டு. ஓரம் ஒரு பக்கம் மடிந்திருந்தது. நடுவே கருநீலத்தில் ஒரு புள்ளி. வடைபோல அழகாக இல்லை. யாரும் வைத்துக்கொடுக்காமல் நான் பார்த்த முதல் உயிரணு அதுதான். பட்டமும் பயிற்சியும் முடித்த பிறகு, ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சம்பளத்துக்கு வந்த இடத்தில்.

மேரி பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். கடைசியில் மதாம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. திருகை முன்னும் பின்னும் திருப்பினார். அப்புறம் மெதுவாக ஏதோ பிரெஞ்சில் கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், தமிழில் கேட்டார்.

"இதுவா நான்?"

நான் பதிலுக்குப் பாடப்புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது சபுரா சொன்னாள்:

"நீங்க இல்லைங்க மதாம். உங்கள்ல ஒண்ணு."

மதாம் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டித் தடவி, அவள் தலையைத் தொட்டார். "நோம்பு தொறக்கற நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றார்.

சபுரா போகவில்லை. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றுகொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.